பாட வந்த பிள்ளைக்கு வாடகை உடுப்பு எதற்கு?

சித்திரை பிறந்தால் போதும், எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் ஊருக்கு ஊர் திருவிழாதான். பெரிய விழா என்றால் வீரபாண்டி கௌமாரியம்மன். மற்ற ஊர்களில் அவரவர் ஊர் அம்மன். ராத்திரியானால் மேடை போட்டு இன்னிசைக் கச்சேரி.

எங்கள் ஊர் கச்சேரியில், வெளியூர் குழு பாடுவதற்கு முன், பாட்டு கிளாஸில் படிக்கிற உள்ளூர் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் கொடுப்பது வழக்கம். போன சித்திரையில், என் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் இடம் கிடைத்தது. ஒன்பதாவது படிக்கிறாள். அவள் அம்மா, விடியற்காலை ஜீப் ஏறி, மலைக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போய், பொழுது சாய வீடு வந்து சேர்கிறவள். பிள்ளைக்குக் குரல் வெண்கல மணிதான்!

கச்சேரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, 'பெண் பிள்ளைகள் எல்லாரும் கல் வைத்த சிவப்பு லெஹங்கா போட்டு வர வேண்டும். வாடகை 800 ரூபாய், அட்வான்ஸ் 500' என்று கிளாஸில் சொல்லி விட்டார்கள். ஒரு ராத்திரி, அதிலும் இரண்டு பாட்டுக்கு!

'நான் பாடலை அத்த... தொண்டை கட்டியிருக்குன்னு டீச்சர்கிட்ட சொல்லிர்றேன்' என்றாள் அந்தப் பெண். எனக்கு வயிறு எரிந்தது. தொண்டையில் ஒன்றுமில்லை, வீட்டில்தான் பணமில்லை.

நானே டீச்சரைப் போய்ப் பார்த்தேன். 'சிவப்பு நிறம் மட்டும் ஒத்துப் போனா போதாதாம்மா?' என்று கேட்டதற்கு, அரை மனசாகச் சரி என்றார்.

என்னிடம் அரக்கு நிறத்தில் ஒரு சுங்குடிச் சேலை இருந்தது. முந்தானை கிழிந்தாலும், உடம்புப் பகுதி நன்றாக இருந்தது. என் மாமியாரின் பழைய பட்டுச்சேலை மடிப்பு மடிப்பாக இற்றுப் போயிருந்தது. ஆனால், ஜரிகைக் கரைக்கு ஒரு குறையுமில்லை. அந்தக் கரையை வெட்டி சுங்குடியின் அடியில் வைத்துத் தைத்தேன். பட்டில் தேறிய துண்டில் சட்டை. உள்ளே மெல்லிய காட்டன் லைனிங். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது விலா விரிய வேண்டுமே என்று, அக்குளில் கொஞ்சம் லூஸ் விட்டேன். பாவாடையை நாடா வைத்து இறுக்கிக் கட்டினால் மூச்சு எங்கிருந்து வரும்? அதனால், பாடி வைத்துத் தைத்து விட்டேன். கனம் இடுப்பில் ஏறாமல், தோளில் நிற்கும். கண்ணாடி வளையல் வேண்டாம் என்று சொல்லி விட்டேன். மைக் பக்கத்தில் கையை அசைத்தால், பாட்டை விட வளையல் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். நூல், ஊக்கு, லைனிங் எல்லாம் சேர்த்து 160 ரூபாய் ஆனது.

அன்று ராத்திரி, மேடை விளக்குச் சூட்டில், வாடகை உடுப்புப் போட்ட பிள்ளைகள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். கழுத்தில் கல் குத்துகிறது, துப்பட்டா நழுவுகிறது. ஒரு சின்னப் பிள்ளை, பாடுவதை விட்டுவிட்டு சொறிந்து கொண்டே நின்றது. பாவம், அது என்ன செய்யும்? எங்கள் பெண் நிமிர்ந்து நின்று பாடினாள். மறுநாள் சொன்னாள்... 'உடுப்பு போட்டிருக்கதே மறந்து போச்சு அத்த.'

மேடையில் பார்க்க அழகாக இருக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எம்.எஸ்.சுப்புலட்சுமி அம்மாவுக்காக, காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் ஒரு நீல நிறத்தில் பட்டு நெய்து கொடுத்தார். இன்றைக்கும், கடையில் 'எம்.எஸ். ப்ளூ' என்று கேட்டு வாங்குகிறார்கள். 1933ல் கணவர் கிட்டப்பா இறந்த பின், கே.பி.சுந்தராம்பாள் வெள்ளைக் கதர்ச் சேலையும், திருநீறுமாகவே மேடை ஏறினார். எங்கள் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவை, வெள்ளை வேட்டி, ஜிப்பா இல்லாமல் நினைக்க முடியுமா? உஷா உதுப், 1969ல் சென்னையில் இரவு விடுதியில் பாடத் தொடங்கியதே புடவை கட்டித்தான். காஞ்சிபுரம் பட்டும், பெரிய பொட்டும் அவருக்கு அடையாளமாகவே ஆகி விட்டன. எல்லாருமே அவரவர் மனசுக்குப் பட்டதை உடுத்தியவர்கள். நம் பிள்ளைகளுக்கு மட்டும் வாடகைக்கடைக்காரர் முடிவு செய்வதா?

கேட்கப் போகிற நம்மையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். திடலில் பாய் விரித்து உட்கார்ந்து கேட்கிற கச்சேரிக்கு, பட்டும், ஆரமும் எதற்கு? கழுத்தைப் பிடித்துக் கொண்டே பாட்டு கேட்க முடியுமா! சுங்குடியில் மிஞ்சிய துண்டை என் வெள்ளை ரவிக்கையின் கைக்குப் பட்டி வைத்துத் தைத்து, ஆண்டிபட்டி காட்டன் சேலையோடு போட்டுப் போனேன். பக்கத்தில் இருந்த அம்மா, 'எந்தக் கடையில எடுத்தீக?' என்று இரண்டு தடவை கேட்டார். 'இவளுக்கு இனி பாட்டு காதுல ஏறாது' என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார்.

பாட்டு கிளாஸ் நடத்துகிறவர்களுக்கும், விழாக் கமிட்டியாருக்கும் ஒன்று கேட்டுக் கொள்கிறேன். ஒரு நிறத்தை மட்டும் சொல்லுங்கள். அதையும் ஒரு மாதம் முன்னாலேயே சொல்லுங்கள். மீதியை அம்மாமார் பார்த்துக் கொள்வோம்.

அந்தப் பாவாடை இப்போது என் பீரோவில்தான் இருக்கிறது. அடுத்த கச்சேரிக்கு டக்கை இரண்டு இன்ச் பிரித்து விட வேண்டும். பெண் வளர்ந்து விட்டாள்.

— ஓர் இல்லத்தரசி, சின்னமனூர், தேனி மாவட்டம்.