ஏரிக்கு யார் பங்குத்தந்தை?

சென்னை மீன் சந்தையில் எந்தக் கூடையைக் காட்டிக் கேட்டாலும் அது பழவேற்காட்டு இறால்தான். "பழவேற்காடு அண்ணே, ராத்திரி பிடிச்சது" என்பார் மீன்காரம்மா. ஆந்திரப் பண்ணைக் குட்டையில் தீவனம் தின்று வளர்ந்த இறாலுக்கும் அதே பிறந்த ஊர். தெரிந்தேதான் வாங்குகிறோம், அந்தப் பெயருக்கு அப்படியொரு மவுசு. நிஜமான பழவேற்காட்டு இறாலை எந்த ராத்திரி, எந்த இடத்தில், யார் பிடிக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அதற்கு வருமுன் ஜிம்பாப்வே வரை ஒரு நடை போய்வரலாம்.

அங்கே பிரையன் ஓல்ட்ரீவ் என்று ஒரு விவசாயி. கிரிக்கெட்டும் ஆடியவர், புகையிலை பயிரிட்டவர். கிறிஸ்தவ நம்பிக்கைக்குள் தீவிரமாக வந்த பிறகு புகையிலை பாவம் என்று விட்டுவிட்டார். 1980களில் ஹின்டன் எஸ்டேட் என்ற பண்ணையில் வேறு மாதிரி மக்காச்சோளம் போட்டுப் பார்த்தார். ஏர் ஓட்டவில்லை. மண்வெட்டியால் சின்னச் சின்னக் குழி எடுத்து விதைத்தார், அறுவடைத் தட்டையை எரிக்காமல் நிலத்தின் மேல் பரப்பினார். காட்டில் யாரும் உழுவதில்லையே, இலைச் சருகுதானே மண்ணை மூடிக் காக்கிறது என்பது அவருக்குக் கிடைத்த தரிசனம். அந்த மூடாக்குக்கு 'கடவுளின் போர்வை' என்று பெயர் வைத்து, ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் சபை சபையாகப் பரப்பினார்கள். ஞாயிறு பிரசங்கம், திங்கட்கிழமை வயலில் செயல்விளக்கம். 2020இல் ஜிம்பாப்வே அரசே இதே வகைக் குழி நடவைத் தன் பெரிய திட்டமாக்கியது. இயற்கை விவசாயத்துக்காகப் பேசிய நம்மாழ்வார் இங்கே மூடாக்கைப் பற்றி ஊர் ஊராகச் சொன்னபோது பின்னால் ஞாயிறுதோறும் கூடும் சபை ஒன்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சில சமயம் யோசிப்பேன்.

சபை வழியாகத் தொழிலைத் திருத்துவது வயலுக்குப் பலித்தது, தண்ணீருக்குப் பலிக்குமா? கேட்பதற்குப் பழவேற்காட்டைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில், தெற்கு முனையும் கடலுக்குத் திறக்கும் முக்கிய முகத்துவாரமும் திருவள்ளூர் மாவட்டத்தில். போர்ச்சுக்கீசியர் 1515இல் கட்டியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா கோயில் இங்கேதான். டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பினார்கள். கோட்டை மண்மேடாகிவிட்டது. டச்சுக் கல்லறைகளைப் பார்க்கச் சனி, ஞாயிறில் கேமராவோடு வருகிறார்கள். மாதா மட்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறாள்.

ஆனால் ஏரியில் வலை விரிப்பதற்கான சட்டம் மாதா கோயிலில் எழுதப்பட்டதல்ல. அதற்குப் 'பாடு' என்று பெயர். முகத்துவாரத்தை ஒட்டி, வளர்ந்த இறால் கடலுக்குத் திரும்பும் வழிகளில் கம்பு நட்டு நீரோட்டத்தை மறித்து வலை கட்டுவார்கள். நல்ல இடங்கள் சில. கட்ட ஆசைப்படுகிறவர்கள் பலர். அதனால் இடத்தை முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். இன்று உனக்குக் கொழுத்த இடம், உன் முறை முடிந்தால் எனக்கு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய, பட்டினவர் என்ற மீனவச் சாதியின் மூன்று ஊர்களுக்கு உரிய ஏற்பாடு இது. மூன்றாவது ஊரின் பெயரிலேயே மாதா இருக்கிறாள். அம்மனைக் கும்பிடுகிறவரும் மாதாவைக் கும்பிடுகிறவரும் ஒரே பாட்டில் வருகிறார்கள். சாமி வேறு, சாதி ஒன்று. கணக்கைக் காப்பது பங்குத்தந்தை அல்ல, ஊர்ப் பஞ்சாயத்து.

ஓல்ட்ரீவின் பிரசங்கத்தைக் கேட்டு ஒருவர் மூடாக்குப் போட்டால் விளைச்சல் அவர் களத்துக்கு வரும். பக்கத்து வயல்காரர் கேட்காவிட்டாலும் நஷ்டமில்லை. ஏரியில் நான் திருந்திச் சின்னக் கண்ணி வலையைத் தூக்கி எறிந்தால், நான் விட்ட குஞ்சு இறாலை நாளை பக்கத்துக் குப்பத்துக்காரர் அள்ளுவார். தண்ணீரில் தனி மனிதர் மனம் திரும்பிப் பயனில்லை. எல்லோரும் ஒரே நாளில் திரும்ப வேண்டும். அதைச் செய்ய முறை வேண்டும், மீறினால் அபராதம் போட ஆள் வேண்டும்.

திருச்சபை மீன்பிடிப்பை மாற்றியதே இல்லை என்று சொல்ல வரவில்லை. கன்னியாகுமரிக் கடற்கரையையே மாற்றியிருக்கிறது. கோட்டாறு மறைமாவட்டத்தில் பெல்ஜியத்திலிருந்து வந்த ஜேம்ஸ் தொம்பர் அடிகளார் மீனவர் சங்கங்கள் அமையத் துணை நின்றார். கடன் கொடுத்த வியாபாரிக்கே மீனைக் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டை அவிழ்க்க, சங்கமே கரையில் ஏலம் விட்டது. விற்ற பணத்தில் கடனுக்கும் சேமிப்புக்கும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுத்தது. முட்டத்தில் இன்னொரு பெல்ஜியக்காரர், இயேசு சபையைச் சேர்ந்த பியர் கில்லே, படகு கட்டும் நிலையம் தொடங்கினார். கட்டுமரத்துக்கு ஏற்ற மரம் கிடைப்பது அரிதாகிவந்த காலம் அது. ஒட்டுப்பலகையைத் தைத்து ஒட்டி அலையைத் தாண்டும் படகு செய்தார்கள், அதில் எஞ்சினும் ஏறியது. அரைநாள் துடுப்புப் போட்ட தூரம் சட்டென்று வந்தது. பொறியாளராக இருந்த சாமியார் ஒருவர் செய்த காரியம், எத்தனையோ அரசுத் திட்டங்களால் ஆகாதது.

ஆனால் கவனியுங்கள்: இதெல்லாம் கூடுதலாகப் பிடிக்க, அல்லது பிடித்ததற்குக் கூடுதல் விலை பெற. குறைவாகப் பிடி என்று சபை சொல்லி நடந்தது என்றால் எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை. குமரிக் கரையின் கத்தோலிக்க ஊர்களில் அன்று கடலுக்குப் போவதில்லை. மீன்வளத்தை நினைத்து வைத்த விடுமுறை இல்லை, பூசைக்காக வைத்தது. ஆனாலும் வாரத்தில் ஒருநாள் கடலுக்கு ஓய்வு. எந்த விஞ்ஞானியும் பரிந்துரைக்காத, ஊரே காவல் காக்கிற மீன்பிடித் தடை.

பெரிய தடை பீடத்திலிருந்து வரவில்லை, தெருவிலிருந்து வந்தது. கேரளத்தில் மழைக்கால இழுவலையை நிறுத்தச் சொல்லி 1980களில் மீனவர் சங்கத்தோடு பாதிரியார்களும் கன்னியாஸ்திரிகளும் உண்ணாவிரதம் இருந்தார்கள். தாமஸ் கோச்சேரி அடிகளாரின் பெயர் நாடெங்கும் தெரிந்தது அப்போதுதான். 1988இல் அரசு தடை விதித்தது. தமிழகக் கிழக்குக் கரையில் 2001இல் 45 நாளாக வந்து, இப்போது ஏப்ரல் 15 முதல் 61 நாளாக இருக்கிறது. கேரளப் போராட்டத்தில் சாமியார்கள் பிரசங்கிகளாக அல்ல, தொழிற்சங்கக்காரர்களாக இருந்தார்கள்.

சுனாமிக்குப் பின் நடந்தது இதற்கு நேர் எதிர். மனமிரங்கிய எல்லோரும், சபை சார்ந்த தொண்டு நிறுவனங்களும் சேர்த்துத்தான், ஃபைபர் படகு கொடுத்தார்கள். படகே இல்லாதவருக்கும் படகு, இழந்ததைவிட அதிகமாகப் படகு. நிழற்படத்துக்குப் படகு அழகாக இருக்கும்; முறை வைப்பதை யாராலும் படம் எடுக்க முடியாது.

சபையும் பாடும் ஒன்றாகவே கலந்துவிட்ட ஊர் ஒன்றும் உண்டு. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பு. அங்கேயும் கட்டுவலை, அங்கேயும் பாடு, சீட்டுக் குலுக்கி இடம். 1958இல் அதற்கென்று அரசு விதிகளே வந்தன. நான்கு சங்கங்கள், சேர வேண்டுமானால் ஆணாக, திருமணமானவராக, கத்தோலிக்கராக இருக்க வேண்டும். ஒழுங்கு பிரமாதம். ஞானஸ்நானம் வாங்காதவருக்கு இறால் இல்லை என்பதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

பழவேற்காட்டில் மதம் வாசலில் நிற்கவில்லை, சாதி நிற்கிறது. 1980களில் ஏற்றுமதியால் இறால் விலை ஏறியதும், பாட்டில் இடம் இல்லாத ஊர்களும் உரிமை கேட்டன, தகராறு வந்தது. கேட்கும் நிலையில்கூட இல்லாதவர்கள் இருளர் பழங்குடியினர். இருளர் பெண்கள் இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அடிமண்ணைத் தடவித் தடவி இறாலைப் பிடிக்கிறார்கள். ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கைக்குத் தட்டியதை அதில் போடுகிறார்கள். வலை இல்லை, படகு இல்லை. ஏரிக்கு இதைவிடக் குறைவாகத் தீங்கு செய்யும் தொழில் இருக்க முடியாது. பாட்டில் இவர்கள் இல்லை. பட்டினவப் பெண்களே இல்லாத ஏற்பாட்டில் இவர்கள் எங்கே வருவது?

எனக்குப் பாடு பிடிக்கும். இந்தக் கரையில் அளவு தெரிந்து நடக்கும் அபூர்வமான காரியங்களில் அது ஒன்று. முகத்துவாரம் தூர்ந்து, தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் நிற்கும் காலத்தில், அது இல்லாவிட்டால் ஏரி இன்னும் சீக்கிரம் காலியாகும். ஆனால் பங்குத்தந்தை யாராவது வந்து என்ன செய்யலாம் என்று கேட்டால், தயவுசெய்து படகு வேண்டாம் சாமி என்பேன். அடுத்த முறை மூன்று குப்பமும் கூடிப் பேசும்போது மாதாகுப்பத்துக்காரர்களோடு போய் உட்காருங்கள். பறியைக் கடித்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கு ஒரு இடம் ஒதுக்கலாமா என்று அங்கே கேளுங்கள். கோபித்துக்கொள்வார்கள். இரண்டு ஞாயிறு பூசைக்குக் கூட்டம் குறையவும் கூடும்.