பழைய அணையும் நமது கடமையும்

புதியதோர் அணைக்கட்டுக்குக் கால்கோள் செய்யும் நாளில் பந்தலும் மேளமும் மாலையும் இன்றியமையாதன. கல்லிற் பெயர் பொறிக்கப்படுகிறது. அப்பெயர் நெடுங்காலம் நின்று விளங்குகிறது. ஆனால் அவ்வணையின் மதகுக்கு ஆண்டுதோறும் எண்ணெயிட்டு, கரையிலுள்ள எலிவளைகளை அடைத்து, ஆங்கு முளைத்த செடிகளை வேரோடு களைபவனுக்கு மாலை சூட்டுவார் யாவர்? கட்டுவது புகழ், காப்பது கூலிவேலை என்னும் எண்ணம் நம் நாட்டிற்குப் பெருந்தீங்கு விளைத்து வருகின்றது. அதனை மாற்றவேண்டும் என்பதே நாம் ஈண்டு எடுத்துரைக்க விரும்புவது.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலையின் அடிவாரத்தில், கச்சிராயபாளையத்தை அடுத்து கோமுகி அணை இருக்கின்றது. 1960-களில் எழுந்த அவ்வணை 46 அடி நீர்மட்டமும், ஏறக்குறைய 560 மில்லியன் கன அடி கொள்ளளவும் உடையது. மேட்டூர் நீர்த்தேக்கத்தோடு ஒப்பிட்டால் இது நூற்றறுபதில் ஒரு பங்கும் ஆகாது. ஆயினும், பத்தாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் இதனையே நம்பியிருக்கின்றது. அணை தோன்றுமுன்பே ஆற்றுநீரால் விளைந்த பழைய பாசன நிலமும், அணையின் கால்வாயால் விளையத் தொடங்கிய புதிய நிலமும் அதில் அடங்கும். இங்கே ஓரடி நீர் குறைந்தால், பல குடும்பங்களின் நெல்லும் கரும்பும் குறையும்.

இத்தகைய சிற்றணைகளுக்கு முதுமை இரு வழியாக வந்து சேர்கிறது. மலையிலிருந்து வரும் வண்டல் அடியிலிருந்து இடத்தைக் கவர்கின்றது. வெள்ளம் பற்றிய எச்சரிக்கையோ மேலிருந்து இடத்தைக் குறைக்கின்றது. மழைக்காலத்தில் கோமுகியில் 46 அடிவரை நிரப்பாமல், 44 அடியளவில் நிறுத்தி, எஞ்சியதை ஆற்றில் விடுவது வழக்கம். இது விவேகமான செயலே; இதனை நாம் குறைகூறோம். ஆனால் நீர்த்தேக்கம் மேலே செல்லச்செல்ல அகன்று விரிவதாகலின், மேலுள்ள இரண்டடி கொள்ளும் நீர், அடியிலுள்ள இரண்டடி கொள்ளும் நீரினும் மிகப் பெரிது. கதவுகள் தடையின்றி இயங்கி, கரை கசிவின்றி நின்று, மலையில் பெய்யும் மழையின் செய்தி உரிய காலத்தில் வந்து சேருமாயின், மழையின் இறுதி நாட்களில் அவ்விரண்டடியையும் அச்சமின்றி நிரப்பலாமன்றோ?

பராமரிப்பைத் தள்ளிப்போடுவதன் பயனை நாம் கண்டதுண்டு. ஆர்தர் காட்டன் காலத்தில், 1836-ஆம் ஆண்டளவில், முக்கொம்பில் எழுந்த கொள்ளிடம் மேலணை நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. 2018 ஆகஸ்டு 22-ஆம் நாள் இரவு அதன் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் வீழ்ந்தன. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரி அணையின் கதவொன்று உடைந்து, தேக்கிய நீர் வீணே ஓடிற்று. முதுமை குற்றமன்று, முதியோரைக் கவனியாமையே குற்றம். 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், பருவமழைக்கு முன்னும் பின்னும் அணைகளைச் சோதித்தல் வேண்டுமென விதிக்கின்றது. சோதனையில் கண்ட குறை தாளில் மட்டும் நில்லாது, அடுத்த மழைக்குள் தீரவேண்டுமாயின், ஆண்டுதோறும் மராமத்துக்கென்றே ஒரு தொகை தனியே ஒதுக்கப்படல் வேண்டும். எவ்வூரில் என்ன குறை கண்டது, எது தீர்ந்தது என்பதை ஆயக்கட்டு உழவர் அறியுமாறு தமிழில் வெளியிடலும் வேண்டும்.

வண்டலை அள்ளிவிடலாமே என்பர் சிலர். வயலுக்கு உகந்த வண்டலை உழவர் எடுத்துச் செல்லவிடுவது நன்றே. எனினும் அள்ளுவதற்குச் செலவு மிகுதி. அள்ளிய மண்ணைக் கொட்ட இடமும் அரிது. அடுத்த மழை மீண்டும் மண் கொணரும். ஆதலின் மராமத்து மலையிலேயே தொடங்கவேண்டும். சரிவுகளில் மரவள்ளிக் கிழங்கைத் தோண்டியெடுக்குங்கால் மண் இளகி மழையோடு இறங்குகின்றது. இதற்காக மலைவாழ் மக்களைப் பழித்தல் முறையன்று. அவர்தம் வயிற்றுப்பாடு அது. கல்வரப்பு இடவும், ஓடைகளில் சிறு தடுப்புகள் கட்டவும், பயன்தரும் மரங்கள் வளர்க்கவும் அவர்க்குக் கூலியும் துணையும் தருதல், கீழ்நாட்டார் கொள்ளும் நீருக்குச் செலுத்தும் நியாயமான விலையாகும்.

வேதாகமத்தில் ஈசாக்கின் வரலாற்றை நாம் படித்திருக்கின்றோம். தன் தகப்பனாகிய ஆபிரகாமின் காலத்தில் வெட்டப்பட்டு, பின்னர்ப் பகைவரால் மண்ணிட்டுத் தூர்க்கப்பட்ட துரவுகளை அவன் மறுபடியும் தோண்டினான். அவற்றுக்குத் தன் பெயரை இடாமல், தகப்பன் இட்ட பெயர்களையே இட்டான். நம் துரவுகளைத் தூர்ப்பதற்குப் பகைவர் வேண்டியதில்லை. நமது மறதியே போதும்.

இக்கல்லூரியினின்று வெளியேறி, பொறியியல் கற்போரும், அரசாங்க உத்தியோகம் ஏற்போரும், ஊர்மன்றங்களில் அமர்வோரும் நம்மிடையே உளர். அவர்களை நாம் வேண்டுவது ஒன்றே. புதிய கல்லில் தம் பெயர் பொறிக்கப்படவேண்டுமென்று விரும்புமுன், முன்னோர் கட்டியதொன்று தம் காலத்தில் பழுதின்றி நின்றதா என்று தம்மைத் தாமே வினவுவாராக. நின்றதாயின், பெயர் பொறியாவிடினும் அவர் செய்தது பெருந்தொண்டே.