முதலாண்டுப் பிள்ளை வீடு வந்தபோது

பிள்ளையைப் பல்கலைக் கழகத்துக்கு அனுப்பிவிட்டு, இனிக் கவலையில்லை என்று சாய்வு நாற்காலியில் அமர்ந்துவிட்ட பெற்றோர் இவ்வாரம் இப்பத்தியைச் சற்று நிதானமாகப் படிப்பார்களாக.

வடமராட்சியில் எம் அயலவராயிருந்த ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவருடைய மகன், பேராதனையிற் பொறியியல் பயிலச் சென்று முதல் அரையாண்டை முடித்துக்கொண்டு விடுமுறைக்கு வந்திருந்தான். இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றிலும் ‘ஏ’ பெற்றவன். அவன் புறப்பட்ட அன்று படலையில் வாழை கட்டி மாலையிட்டு வழியனுப்பியது ஊர். இப்போதோ அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தான்.

“இரண்டு பாடம் போய்விட்டதாம். இனித் திரும்பிப் போகமாட்டேன் என்கிறான்” என்று தாயார் தணிந்த குரலிற் கூறினார். தகப்பனார் விரித்த பத்திரிகையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. போன பாடங்களுள் ஒன்று கணிதம்.

நாம் கதவைத் தட்டி உள்ளே சென்றோம். வெகுநேரம் பேச்சில்லை. மேசைமேற் கிடந்த தாள்கள் பறவாமல் உள்ளங்கையளவான உருக்குத் துண்டொன்று பாரமாக வைக்கப்பட்டிருந்தது. “இது என்ன தம்பி?” என்று கேட்டோம். அப்பொழுதுதான் அவன் முகம் சிறிது மலர்ந்தது.

பட்டறைப் பயிற்சியில் அவன் தன் கையால் அராவியதாம் அது. உருக்குத் துண்டின் முகத்தை அரத்தால் அராவித் தட்டையாக்க வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் புதிதாக அரம் பிடிப்பவனுடைய கை ஊஞ்சல்போல் ஆடும். ஓரங்கள் இரண்டும் தேயும். நடுப்பகுதி மேடாகவே நிற்கும். மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஓரங்களிற் கீற்றாக ஒளி கசியும். முதல் நாளும் கசிந்தது. மறு வகுப்பிலும் கசிந்தது. மேடு குறைந்தபாடில்லை. பட்டறைப் போதனாசிரியர் சிங்களம் பேசுபவர். பேச்சால் ஆகாதென்று கண்டு, அவன் மணிக்கட்டுகளைப் பற்றித் தம் கையோடு சேர்த்து அராவிக் காட்டினார். தொடக்கத்தில் முன்கையிற் பாரம். நடுவில் இரு கைக்கும் சமம். முடிவிற் பின்கையிற் பாரம். திரும்பும்போது பாரமே இல்லை. அவ்வளவுதான் வித்தை.

“திருப்பங்களின் சமநிலை என்று பள்ளிக்கூடத்தில் எத்தனை கணக்குச் செய்தேன் மாமா! அது என் கைக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்” என்றான்.

இவ்வளவு தெளிவாகப் பேசும் பிள்ளை எங்கே தவறினான்? மெல்லக் கேட்டோம். விடை ஒன்றொன்றாக வந்தது.

விரிவுரை ஆங்கிலத்தில் நடைபெறுகின்றது. பள்ளியில் அவன் கற்றதோ தமிழில். ஆர்முடுகல், உந்தம், தகைப்பு, விகாரம் என்று ஆண்டுக் கணக்காக நாவிற் பழகிய சொற்கள் அங்கே வேறு வேடத்தில் வருகின்றன. இது ஆர்முடுகல் என்று அவன் மனம் கண்டுபிடிக்கும் முன்னர் விரிவுரையாளர் பலகையை நிரப்பி, அழித்து, அடுத்ததற்குச் சென்றுவிடுகிறார். (தமிழகத்து மாணவர் முடுக்கம் என்பதையே நாம் ஆர்முடுகல் என்கிறோம். இத்தகைய சொற்களை ஆக்கித் தந்தவர்கள் மீது எமக்கு மதிப்புண்டு. தாய்மொழியிற் கற்றது குற்றமென்று எவரும் எண்ணவேண்டாம். பாலத்தின் மறுகரையை எவரும் கட்டாமல் விட்டதே குற்றம்.) கணிதத்திலுங்கூடப் பள்ளியில் விடை காண்பதே வேலையாயிருந்தது; இங்கே எப்சிலன், டெல்டா என்று எல்லையின் நிறுவலை வாக்கியம் வாக்கியமாக எழுத வேண்டும். வாக்கியம் ஆங்கிலமாயிற்றே!

“விளங்கவில்லை என்று கேட்டாயா?”

“எப்படிக் கேட்கிறது மாமா? வாய் திறந்தால் பிழையான இங்கிலீசுதான் வரும். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.”

பட்டறையிலே தன் பிழையை மூலைமட்டத்தின்கீழ் வைத்துக் காட்ட வெட்கப்படாதவன், விரிவுரை மண்டபத்தில் ஓர் அரையாண்டு முழுவதும் வாய்மூடி இருந்திருக்கிறான். போன பாடங்களின் வரலாறு இதுவே.

வெளியே வந்தபோது தகப்பனார், “துரைராசாவும் இந்த வடமராட்சி மண்ணிற் பிறந்தவர்தானே?” என்றார். பேராசிரியர் அழகையா துரைராசாவை அறியாதார் யார்? களிமண்ணின் நெகிழ்வு பற்றி 1963 இல் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோரோடு அவர் எழுதிய கட்டுரை மண்பொறியியலில் இன்றும் எடுத்துக் கூறப்படுவது. பிற்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத் துணைவேந்தராகவும் விளங்கினார். எனினும் நண்பருக்கு நாம் ஒன்றை நினைவூட்டினோம். துரைராசாவின் காலத்தில் மேல்வகுப்பு விஞ்ஞானம் பள்ளியிலேயே ஆங்கிலத்திற் கற்பிக்கப்பட்டது. மொழி மாற்றமென்னும் படியை அவர் ஏற வேண்டியிருக்கவில்லை. பெரியோரை வணங்கலாம், பிள்ளையின் தலையில் எடுத்துப் போடலாமா?

நண்பர் கணிதம் படிப்பித்தவராதலின் இன்னொன்றும் சொன்னோம். முந்நூறு பள்ளிகளின் முதல் மாணவரை ஒரு மண்டபத்தில் இருத்தினால், அவருள் ஒருவர் முந்நூறாவதாகத்தானே வேண்டும்! அவர் புன்னகை செய்ததாகவே எமக்குத் தோன்றிற்று.

பகிடிவதை பற்றி அவன் தானாக எதுவும் கூறவில்லை, நாமே கேட்டோம். இல்லை என்றான். பெற்றோர் கேட்கத்தான் வேண்டும். அதே பீடத்தில் முதலாண்டு பயின்ற தமிழ் மாணவர் ஒருவர் 1997 இற் பகிடிவதைக்கு ஆளாகி உயிரிழந்தார். மறு ஆண்டே, 1998 இன் 20 ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. மூத்த மாணவருள் மிருகங்களும் உளர். இரவிரவாக விழித்திருந்து, “குப்பி” என்று அவர்கள் அழைக்கும் வகுப்பு வைத்துத் தம்பிமாரைக் கரையேற்றும் நல்லவர்களும் உளர். இரண்டாமவரைத் தேடிப் பிடி என்றோம்.

நாம் வேறு பெரிய உபதேசம் எதுவும் செய்யவில்லை. கொப்பியில் நடுவே கோடிட்டு, ஒரு புறம் தான் அறிந்த தமிழ்ச் சொல்லையும் மறுபுறம் அங்கே கேட்ட ஆங்கிலச் சொல்லையும் எழுதிவரச் சொன்னோம். முதல்நாள் இரவே மறுநாட் பாடத்தைப் புத்தகத்திற் புரட்டிவிட்டுப் போகச் சொன்னோம். விரிவுரை முடிந்தபின் ஆசிரியரின் அறைக்குச் சென்று, பிழையான ஆங்கிலத்திலேயே ஒரு கேள்வி, வாரத்துக்கு ஒன்று, கேட்கச் சொன்னோம். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் அவன் தலையசைக்கச் சற்றுத் தாமதமாயிற்று. போன இரு பாடங்களையும் மறுமுறை எழுத இடமுண்டு என்பதை அவனே தகப்பனாருக்குச் சொன்னான். அதைச் சொல்ல வீட்டுக்கு வந்து ஒன்பது நாட்கள் சென்றிருக்கின்றன!

செவ்வாய் இரவு அவன் கண்டி பஸ் ஏறினான். நாமும் பருத்தித்துறைச் சந்திவரை சென்றிருந்தோம். தாயார் பலகாரப் பொதியோடு நின்றார். தகப்பனார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகன் முந்திக்கொண்டான்.

“புள்ளியை மட்டும் கேட்காதையுங்கோ அப்பா. அந்தக் கிழமை என்ன கேள்வி கேட்டனான் என்று கேளுங்கோ.”

ஞாயிறு மாலைதோறும் நண்பர் கேட்கிறாராம். இரண்டு கிழமை விடையில்லை. மூன்றாம் கிழமை அவன் சொன்ன கேள்வி தமக்கே விளங்கவில்லை என்று, பழைய கணிதப் புத்தகத்தோடு நேற்று எம்மிடம் வந்திருந்தார்.