வாசலுக்கு நேர் வாசல் மலைக்கு ஆகாது

சமவெளியில் வீடு கட்டுகிறவர்கள் தலைவாசலுக்கு நேரே கொல்லைக் கதவு வரவேண்டும் என்று பார்ப்பது பழைய வழக்கம். சாஸ்திரம் என்று சொன்னாலும் அதன் பலன் காற்றுதான். சித்திரை வெயிலில் முன்னே நுழைகிற காற்று கூடத்தையும் அடுக்களையையும் தடவிக்கொண்டு பின்னே போய்விடும். அந்த வரைபடத்தை அப்படியே மலையேற்றி ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கட்டுகிறோம். ஊட்டி கடல் மட்டத்துக்குச் சுமார் 2,240 மீட்டர் மேலே இருக்கிறது. மார்கழி, தை இரவுகளில் புல்லின் மேல் உறைபனி படிகிற ஊர். அங்கே நேர்வாசல் என்பது ஊதல் காற்றுக்கு நாமே போட்டுக்கொடுத்த ரோடு. கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே கதவே வைக்காமல் அழகுக்காக விடுகிற வளைவு வாசல் இதில் படுமோசம். பழைய பங்களாக்களின் தொல்லை வேறு மாதிரி. பின்னால் தகரச் சார்ப்பு இறக்கிய குளியலறைக்குப் போகும் கதவு ஒரு படி கீழே இறங்கும், நிலை கோணியிருக்கும், அடியில் விரல் நுழையும். ஹீட்டர் வாங்கும் முன் இந்த உள்வாசலுக்குத்தான் முதல் செலவு என்பது என் கட்சி.

மூன்றடி அகலக் கதவின் அடியில் அரை அங்குலம் இடைவெளி இருந்தால் மொத்தம் 18 சதுர அங்குலம். அதே அளவு ஓட்டை சுவரில் விழுந்தால் அன்றைக்கே கொத்தனாரைக் கூப்பிடுவோம். கதவுக்கடியில் இருப்பதால் வருடக்கணக்கில் பொறுத்துப் போகிறோம். சூடான காற்று லேசானது. மேலே ஏறி ஓட்டு இடுக்கிலும் ஜன்னலின் மேல்சந்திலும் கசிந்துவிடும். போன அளவுக்குக் குளிர்காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். அதற்குக் கிடைக்கும் வழி தரையோரம். தலைமாட்டில் சூடு இருந்தும் கால் விறைப்பது இதனால்தான். 2,000 வாட் ஹீட்டர் ஐந்து மணி நேரம் ஓடினால் 10 யூனிட் ஆகும். வளைவு வாசல் திறந்தே கிடக்கும் வீட்டில் அந்தச் சூட்டில் பெரும்பங்கு ஆளில்லாத நடைக்கும் மாடிப்படிக்கும் போய்ச் சேர்கிறது. நீலகிரியின் தொல்குடிகளான தோடர்களின் மரபுக் குடிலைப் பாருங்கள்: பாதிப் பீப்பாயைக் கவிழ்த்த வடிவம், வாசல் சுமார் மூன்றடி உயரம். தவழ்ந்துதான் நுழைய முடியும். விலங்குக்கும் குளிருக்கும் சேர்த்து ஒரே தடை.

நாம் தவழ வேண்டாம், திரை போதும். ஆனால் மெல்லிய ஜன்னல் துணியைக் கட்டிவிட்டுத் திரை பயனில்லை என்று சொல்லக் கூடாது. வளைவுக்கு ஏற்ற வடிவத்தில் தைப்பது வீண் வேலை. உச்சிக்கு மேலே, சுவரில் நேராக ஒரு கம்பி அடித்தால் தீர்ந்தது. பழைய கம்பளியை உள்ளே வைத்துத் தைத்த கனத்த துணி, இரு பக்கமும் அரையடி கூடுதல் அகலம், தரையில் இரண்டு அங்குலம் புரளும் நீளம். சூடாக வைத்திருக்கும் அறையின் பக்கமாக, சுவரை ஒட்டித் தொங்க வேண்டும். ஹீட்டர் அதற்கு எட்டத்தில் இருக்கட்டும். படி இறங்கும் கதவில் இந்த வேலை ஆகாது. புரளும் துணியில் கால் தடுக்கும். அங்கே கதவின் அடியிலேயே பிரஷ் பட்டை திருக வேண்டும். கோணல் நிலைக்கு ஒரே தடிமனில் ரப்பர் பட்டை ஒட்டினால் ஒரு மூலை இடிக்கும், எதிர் மூலை பிளந்து நிற்கும். பிளக்கும் பக்கம் இரட்டையாக ஒட்டுவதே வழி.

காற்று வெளியிலிருந்துதானே வருகிறது, வெளி ஜன்னலை அடைக்காமல் வீட்டுக்குள் திரை கட்டுவானேன் என்று கேட்கலாம். நியாயம்தான், முடிந்தவர்கள் அதையே முதலில் செய்யட்டும். ஆனால் பழைய மர ஜன்னல்களும் தகரக் கூரையும் உள்ள வீட்டில் சந்துகளுக்குக் கணக்கே இல்லை, வாடகைக்கு இருப்பவர் அவற்றில் கை வைக்கவும் முடியாது. ஒரு திரைக்கம்பிக்கு எந்த வீட்டுக்காரரும் சண்டைக்கு வரமாட்டார். வீடு முழுவதையும் சூடாக்க முடியாதவர், முதியவரும் குழந்தையும் தூங்கும் ஓர் அறையையாவது காப்பாற்றலாம். மலைக்காரர்களுக்குக் குளிர் பழகிப்போனது என்ற பேச்சை அந்த முதியவரிடம் போய்ச் சொல்லட்டும்.

அடைத்தால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும் என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். அதற்குப் பகலில் வெயில் ஏறியதும் திரையை ஒதுக்கி, ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். குளியலறைக் கதவை மூடி வைத்தாலே அறைக்கு வரும் நீராவி குறையும். காற்றே வராமல் போனால் என்ன என்ற அச்சத்தை மட்டும் நான் லேசாகத் தள்ளமாட்டேன். அடைத்த அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் விடியும்போது பிணமாகக் கிடந்த செய்திகள் மலை ஊர்களிலிருந்து வந்ததுண்டு. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; தூங்குகிறவர் விழித்துக்கொள்ள எந்த அடையாளமும் கிடைக்காது. திரை கட்டிய அறைக்குள் கரிச்சட்டி வரவே கூடாது, தணிந்த கங்காக இருந்தாலும்.