மன்னர் மானியமும் மக்களாட்சியும்

முன்னுரை

பிறப்பினால் ஒருவர் அரசராவது முடியாட்சி; மக்களின் வாக்கினால் ஒருவர் ஆட்சிப் பொறுப்பேற்பது குடியாட்சி. இவ்விரண்டும் ஒரே நாட்டில் சேர்ந்திருக்க இயலுமா? இங்கிலாந்து, ஜப்பான், பூட்டான் முதலிய நாடுகள் ‘இயலும்’ என்கின்றன. நேபாளம் 2008ஆம் ஆண்டில் மன்னராட்சி ‘வேண்டா’ என முடிவு செய்தது. இந்தியாவும் இவ்வினாவை எதிர்கொண்டு, 1971ஆம் ஆண்டில் விடை கண்டது. அவ்விடை சரியானதே. எனினும், அதனை அடைந்த வழி, விடையைவிடப் பெரியதொரு பாடத்தைக் கற்பிக்கின்றது.

கொடுத்த வாக்கு

1947இல் ஆங்கிலேயர் வெளியேறியபோது இத்துணைக்கண்டத்தில் 560க்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் இருந்தன. ஐதராபாத்தும் காஷ்மீரும் பரந்த நிலப்பரப்பை உடையவை. வேறு சிலவோ ஒருசில ஊர்களின் அளவே கொண்டவை. சர்தார் வல்லபாய் படேலும் வி.பி. மேனனும் அவற்றை இந்தியாவுடன் இணைக்கும் பெரும்பணியில் ஈடுபட்டனர். ஆட்சியுரிமையை ஒப்படைத்த மன்னர்களுக்கு ஆண்டுதோறும் மானியம் வழங்குவதாக அரசு உறுதியளித்தது. அரசமைப்புச் சட்டத்தின் 291ஆம் பிரிவு அம்மானியத்திற்கு வரிவிலக்கு அளித்தது. 362ஆம் பிரிவு மன்னர்களின் தனிச்சலுகைகளுக்குப் பாதுகாப்பளித்தது. மைசூர் மன்னருக்கு ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய் கிடைத்தது. சௌராஷ்டிரப் பகுதியின் கடோடியா என்னும் சிற்றரசின் தலைவருக்குக் கிடைத்ததோ 192 ரூபாய் மட்டுமே. நாடு ஒன்றானதற்கு இது சிறிய விலையே என்று படேல் அரசியல் நிர்ணய சபையில் வாதிட்டார்.

ஒரே நூலில் இரு குரல்கள்

அதே அரசமைப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்கிறது. 18ஆம் பிரிவு பட்டங்களை ஒழிக்கிறது. ஒரு பக்கம் சமத்துவம்; மறுபக்கம் பிறப்பினால் வரும் மானியம். உணவுப் பற்றாக்குறை மக்களை வாட்டிய 1960களில் இம்முரண்பாடு பலரையும் உறுத்தியது.

1970இல் மன்னர் மானியத்தை ஒழிக்கும் திருத்த மசோதா மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் ஒரு வாக்குக்கும் குறைவான வேறுபாட்டில் தோற்றது. உடனே குடியரசுத் தலைவரின் ஆணைமூலம் மன்னர்களுக்கான அங்கீகாரம் திரும்பப் பெறப்பட்டது. மன்னர்கள் உச்ச நீதிமன்றத்தை நாடினர். அவ்வாணை செல்லாது என்று 1970 டிசம்பரில் தீர்ப்பு வந்தது.

இங்குச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். தம் நாட்டில் தாமே நீதி வழங்கிய மரபினர், குடிமக்களைப் போல நீதிமன்றப் படியேறினர், நீதியும் பெற்றனர். முடியாட்சியில் குடிமகனுக்கு எளிதில் கிட்டாத பாதுகாப்பைக் குடியாட்சி மன்னருக்கும் அளித்தது. குடியாட்சியின் உயர்வுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா?

அதன்பின் அரசு நேர்வழிக்குத் திரும்பியது. 1971ஆம் ஆண்டுத் தேர்தலில் மக்கள் இந்திரா காந்தியின் கட்சிக்கு மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட இடங்களை அளித்தனர். அவ்வாண்டின் இறுதியில் 26ஆம் அரசமைப்புத் திருத்தம் மன்னர் மானியத்திற்கு முடிவு கட்டியது.

வாக்குத் தவறலாமா?

‘கொடுத்த வாக்கை நாடு மீறியது அறமாகுமா?’ என்று கேட்போர் உளர். இக்கேள்வியை எளிதாக ஒதுக்கிவிடலாகாது. ஆட்சியையே விட்டுக்கொடுத்தவர்க்கு அளித்த உறுதி அது. ஆயினும், ஒரு தலைமுறை அளித்த உறுதி, இன்னும் பிறவாத வாரிசுகளுக்காக, இன்னும் பிறவாத குடிமக்களைக் காலமெல்லாம் கட்டுப்படுத்த இயலாது. மானியத்தை நிறுத்தியது சரி. ஆனால் இழப்பீடு ஏதுமின்றி ஒரே நாளில் நிறுத்தியது சரியன்று. சில ஆண்டுகளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியிருப்பின், சமத்துவமும் நிலைபெற்றிருக்கும், சொல்லும் காப்பாற்றப்பட்டிருக்கும்.

அடையாளம் யாருக்குரியது?

அதிகாரமற்ற மன்னர் நாட்டின் ஒற்றுமைக்கு அடையாளமாக விளங்குவார் என்பர் வேறு சிலர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் 1708ஆம் ஆண்டுக்குப்பின், நாடாளுமன்றம் நிறைவேற்றிய எந்தச் சட்டத்திற்கும் அரசரோ அரசியோ ஒப்புதல் மறுத்ததில்லை. ஸ்பெயினில் 1981இல் படையினர் சிலர் நாடாளுமன்றத்தைக் கைப்பற்றியபோது, மன்னர் ஹுவான் கார்லோஸ் தொலைக்காட்சியில் தோன்றி மக்களாட்சியின் பக்கம் நின்றார்.

எனினும், ஒரு மன்னரின் நற்பண்பு அவருடைய வாரிசுக்கும் வாய்க்கும் என்பதற்கு உறுதியில்லை. நாட்டின் அடையாளமாகும் தகுதியை ஒரு குடும்பத்திற்கு மட்டும் உரியதாக்குவது, மற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் அவ்வாயிலை அடைப்பதாகும். இந்தியாவில் அவ்வாயில் திறந்திருக்கிறது. கேரளத்தில் வறிய தலித் குடும்பத்தில் பிறந்த கே.ஆர். நாராயணன் 1997இலும், இராமேசுவரத்தில் எளிய குடும்பத்தில் பிறந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் 2002இலும் குடியரசுத் தலைவர் ஆயினர். எந்த அரண்மனையும் இவர்களை வளர்க்கவில்லை, பள்ளிக்கூடங்கள் வளர்த்தன.

முடிவுரை

மன்னர் மரபினரை வெறுப்பது மக்களாட்சி ஆகாது. அவர்கள் கட்டிய ஏரிகளும் கல்விக்கூடங்களும் நூலகங்களும் நாட்டின் செல்வங்கள். அவற்றைப் போற்றுதல் நம் கடமை. அம்மரபினர் தேர்தலில் நின்று மக்களின் வாக்கைக் கேட்பதிலும் தவறில்லை. பிறப்பையே தகுதியாகக் காட்டுவதுதான் தவறு. மன்னர் குடும்பத்தைப் போலவே, இன்றைய அரசியல் குடும்பங்களுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948 மார்ச்சில் சென்னை மாகாணத்துடன் இணைந்தது. தொண்டைமான் மன்னரின் அரண்மனை இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகமாக விளங்குகின்றது. கட்டடம் இடிக்கப்படவில்லை, அதன் அழகும் குன்றவில்லை. ஆனால் அவ்வாயிலில் மனுவோடு நுழையும் உழவர், அரசரின் அருளை வேண்டிச் செல்லவில்லை. தம் உரிமையைக் கேட்கச் செல்கிறார். நவீன மக்களாட்சியில் முடியாட்சிக்கு உரிய இடம் எது என்பதற்கு அவ்வாயிலே விடையாகும்.