எல்.எல்.பி முடிச்சாச்சு, அடுத்து? கோர்ட்டுக்கு வெளியேயும் வேலை இருக்கு... ஆனா வரிசை முக்கியம்!

"வக்கீலுக்குத்தான படிச்ச? இன்னும் ஒரு கேஸும் வரலியா மக்கா?"

குமரி மாவட்டம் அஞ்சுகிராமம் மாதிரி ஓர் ஊரில் சட்டம் படித்து முடித்தவர்கள் யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க முடியாது. கல்யாண வீடு, டீக்கடை, பஸ் ஸ்டாப் என எங்கே போனாலும் கேட்பார்கள். ஊர் கணக்குப்படி எல்.எல்.பி என்றால் கறுப்புக் கோட், கோட் என்றால் கோர்ட், கோர்ட் என்றால் காசு. ஆனால், நாகர்கோவில் கோர்ட்டுக்குத் தினமும் பஸ் ஏறும் ஜூனியருக்குத்தான் தெரியும், முதல் சில வருடங்கள் அந்தக் கடைசி வரி மட்டும் உண்மையில்லை என்று.

நெட்டில் தேடினால் சட்டம் படித்தவர்களுக்கான மாற்று வேலைகள் லிஸ்ட் லிஸ்ட்டாக வந்து விழும். அந்த லிஸ்ட்டுகள் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. எந்த வேலையை எப்போது எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, இன்னொரு கதவு உங்களுக்கு மூடலாம். 2025 மே மாதத்துக்குப் பிறகு இது இன்னும் சீரியஸான விஷயம் ஆகிவிட்டது.

மே 20 தீர்ப்பு மாற்றிய கணக்கு

2025 மே 20 அன்று, அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு ஒரு தீர்ப்பு கொடுத்தது. சிவில் நீதிபதி (ஜூனியர் டிவிஷன்) பதவிக்கு விண்ணப்பிக்க, குறைந்தது 3 ஆண்டுகள் வழக்கறிஞராக பிராக்டீஸ் செய்திருக்க வேண்டும். காலேஜ் முடித்த கையோடு பரீட்சை எழுதி நீதிபதி ஆகும் வழி அத்தோடு அடைபட்டது.

கோர்ட் வாசலையே பார்க்காதவர்கள் நேராக நீதிபதி நாற்காலியில் உட்கார்வதில் சிக்கல் இருக்கிறது என்று பல உயர் நீதிமன்றங்கள் சொன்னதைத்தான் காரணமாகக் காட்டினார்கள். வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், அந்த 3 ஆண்டுகளுக்கு யார் சாப்பாடு போடுவது?

36 மாசம். மாதம் 15,000 ரூபாய் கிடைக்கும் ஒரு சாதாரண வேலையோடு ஒப்பிட்டாலே 5,40,000 ரூபாய். அப்பாவோ தாத்தாவோ வக்கீலாக இருக்கும் வீட்டில் இது முதலீடு. குடும்பத்தில் முதன்முதலாகச் சட்டம் படித்தவர் வீட்டில் இது கடன்.

உதவி இல்லாமலும் இல்லை. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாய், மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாய் குறைந்தபட்ச உதவித்தொகையாக வழங்க 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று சுற்றறிக்கை விட்டது. ஆனால் அது பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. ஏழைக் குடும்பத்து இளம் வழக்கறிஞர்களுக்கு 2 ஆண்டுகள் மாதம் 3,000 ரூபாய் கொடுக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2020-ல் அறிவித்தது. நல்ல விஷயம்தான். 3,000 ரூபாயில் பஸ் காசும் மதியச் சாப்பாடும் போனால் என்ன மிஞ்சும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

சன்னது நிற்கும் இடம்

இந்திய பார் கவுன்சில் விதி 49 என்ன சொல்கிறது தெரியுமா? முழுநேரச் சம்பளத்துக்கு ஒரு நிறுவனத்தில் சேரும் வழக்கறிஞர், பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டு பிராக்டீஸை நிறுத்திக்கொள்ள வேண்டும். அதாவது, கம்பெனியில் லீகல் எக்ஸிக்யூட்டிவாகச் சேர்ந்த நாளோடு உங்கள் 3 வருட மீட்டரும் நின்றுவிடும். 26 வயதில் 'ரெண்டு வருஷம் சம்பாதிச்சுட்டு அப்புறம் ஜட்ஜ் எக்ஸாம் பார்த்துக்கலாம்' என்று நினைப்பவர், திரும்பி வரும்போது மீட்டர் விட்ட இடத்திலேயே நிற்கும்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. அந்த 3 ஆண்டு அனுபவத்துக்கு 10 ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் சான்று தர வேண்டும், அதை நீதித்துறை அதிகாரி ஒருவர் உறுதிப்படுத்தவும் வேண்டும். சும்மா பெயரைப் பதிவு செய்துவிட்டு வீட்டில் இருந்தால் வேலைக்கு ஆகாது. கோர்ட்டில் உங்கள் முகம் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் மாற்று வேலைகளை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். ஒன்று, மீட்டர் ஓடும் வேலைகள். இன்னொன்று, மீட்டர் நிற்கும் வேலைகள்.

மீட்டர் ஓடும் வேலைகள்

முதலில் சட்ட கிளார்க் வேலை. நீதிபதிகளுக்கு ஆராய்ச்சி உதவி செய்யும் இந்த அனுபவத்தையும் 3 ஆண்டில் சேர்த்துக்கொள்ளலாம் என்று அதே மே 20 தீர்ப்பு சொல்கிறது. சென்னை உயர் நீதிமன்றமும் அதன் மதுரைக் கிளையும் 'ரிசர்ச் லா அசிஸ்டென்ட்' ஆட்களை எடுக்கின்றன. 2025 அறிவிக்கையில் மாதம் 30,000 ரூபாய். நாகர்கோவிலில் இருந்து மதுரை சுமார் 240 கிலோமீட்டர் என்பதால் ரூம் எடுத்துத்தான் தங்க வேண்டும். ஆனால் சம்பளமும் வரும், தீர்ப்பு எப்படி உருவாகிறது என்ற பாடமும் கிடைக்கும்.

அடுத்தது, அரசு சட்ட உதவி. வக்கீல் வைக்க வசதியில்லாத குற்ற வழக்குகளின் எதிரிகளுக்காக வாதாட, தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் 'லீகல் எய்டு டிஃபென்ஸ் கவுன்சில்' முறை மாவட்டக் கோர்ட்டுகளில் நடக்கிறது. இதில் 'அசிஸ்டென்ட்' நிலைக்கு 0 முதல் 3 ஆண்டு அனுபவம் போதும். தனியாக கேஸ் எடுக்கக் கூடாது, ஒப்பந்த வேலைதான். ஆனாலும் முதல் வருடமே கோர்ட்டில் எழுந்து நின்று பேசும் வாய்ப்பு, பெரிய சீனியர்களின் ஆபீஸில்கூட எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

மூன்றாவது, நம்ம மாவட்டத்துக்கே உரிய வேலை, அதாவது நிலம். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு இணைந்தன. அதற்கு முன்பு திருவிதாங்கூர். அதனால் பழைய பத்திரங்களில் கணிசமானவை மலையாளத்தில் இருக்கின்றன. அஞ்சுகிராமத்தைத் தாண்டிக் கிழக்கே போனால் திருநெல்வேலி மாவட்டம், பத்திர வரலாறே வேறு. வீட்டுக் கடனுக்கு பேங்க் கேட்கும் 'லீகல் ஒப்பீனியன்' எழுத, வில்லங்கச் சான்று மட்டும் போதாது. மூலப் பத்திரத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு ஜூனியருக்கு இங்கே இருக்கும் மதிப்பு சென்னையில் கிடையாது. பக்கத்திலேயே முப்பந்தல் காற்றாலைகள் வேறு. பழைய காற்றாலைகளைப் புதுப்பிப்பதற்கென்று 2024-ல் தமிழக அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்தது. இடம், குத்தகை, ஒப்பந்தம் என்று எல்லாவற்றிலும் காகிதம் படிக்க ஆள் வேண்டும்.

நான்காவது, புவிசார் குறியீடு. நாகர்கோவில் கோயில் நகை, ஈத்தாமொழி நெட்டைத் தென்னை, மார்த்தாண்டம் தேன், மட்டி வாழைப்பழம் என நம்ம மாவட்டத்துக்கு இதில் நல்ல பட்டியலே இருக்கிறது. மட்டிக்கு 2023 ஜூலையில் கிடைத்தது. குறியீடு வாங்கிய அன்றைக்கு நியூஸில் போட்டோ வரும். அதற்குப் பிறகுதான் வேலையே ஆரம்பம். ஒவ்வொரு விவசாயியும் கைவினைஞரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர்' என்று தனியாகப் பதிவு செய்தால்தான் சட்டப்படி அந்தப் பெயரைப் பயன்படுத்த முடியும். 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். அதோடு சின்னக் கடைகளின் டிரேட்மார்க் பதிவும் சேரும். ஆன்லைனில் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். இதற்கு ஒரு லேப்டாப் போதும், அஞ்சுகிராமத்தில் இருந்தே செய்யலாம்.

மீட்டர் நிற்கும் வேலைகள்

நிற்கும் என்பதால் மட்டமான வேலைகள் என்று அர்த்தம் இல்லை. நீதிபதி கனவு இல்லாதவர்களுக்கு இதுதான் நேர்வழி.

பேங்க் லா ஆபீசர்: ஐ.பி.பி.எஸ் நடத்தும் ஸ்பெஷலிஸ்ட் ஆபீசர் தேர்வு. வயது 20 முதல் 30. வழக்கறிஞராகப் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

ராணுவத்தின் ஜாக் பிரிவு: எழுத்துத் தேர்வு கிடையாது. சட்டப் படிப்பில் 55 சதவிகிதம், கிளாட் பி.ஜி மதிப்பெண், அப்புறம் எஸ்.எஸ்.பி நேர்காணல். வயது 21 முதல் 27 வரை, திருமணமாகாத ஆண், பெண் இருவரும் போகலாம். பயிற்சி நம்ம சென்னை பரங்கிமலையில்தான்.

கம்பெனி வேலை: 2025 நவம்பரில் இரண்டு பெரிய மாற்றங்கள் வந்தன. 29 பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக 4 தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளும் அறிவிக்கப்பட்டன. ஹெச்.ஆர் முதல் ஆப் கம்பெனி வரை, இதைப் படித்துப் புரியும்படி சொல்ல ஆள் தேடும் நேரம் இது.

காப்புரிமை: இதில் ஒரு கண்டிஷன் உண்டு. பேட்டன்ட் ஏஜென்ட் ஆக அறிவியல் அல்லது இன்ஜினீயரிங் டிகிரி வேண்டும். பி.எஸ்சி முடித்துவிட்டு 3 வருட எல்.எல்.பி படித்தவர்களுக்கு இது லாபம்.

ஏ.ஐ வந்து சாப்பிட்டுவிடுமா?

ஒப்பந்தத்தைப் படித்துச் சுருக்கம் எழுதுவது போன்ற, ஜூனியர்களுக்குக் கொடுக்கும் வேலைகளில் ஏ.ஐ ஏற்கெனவே கை வைத்துவிட்டது. ஆனால் 2023-ல் நியூயார்க்கில் என்ன நடந்தது? சாட்ஜிபிடி கற்பனையாகச் சொன்ன தீர்ப்புகளை அப்படியே கோர்ட்டில் தாக்கல் செய்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம். டைப் அடிக்கிற வேலை குறையும், சரிபார்க்கிற வேலை கூடும். மலையாளப் பத்திரத்தைப் பார்த்து, இடத்துக்கு நேரில் போய், அண்டை வீட்டுக்காரரிடம் நாலு வார்த்தை விசாரித்து, 'இதில் வில்லங்கம் இருக்கு' என்று சொல்வதை அது அவ்வளவு சீக்கிரம் செய்துவிடாது.

முதல் ஸ்டெப் என்ன?

எந்தப் பாதையாக இருந்தாலும் முதலில் என்ரோல் பண்ணிடுங்க. முன்பு சில மாநிலங்களில் 40,000 ரூபாய்க்கு மேல்கூட வாங்கினார்கள். 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் போட்ட கடிவாளத்தால் பதிவுக் கட்டணம் இப்போது 750 ரூபாய்தான். எஸ்.சி, எஸ்.டி பிரிவினருக்கு 125 ரூபாய். அகில இந்திய பார் தேர்வுக்கான கட்டணம் தனி. 3 வருடக் கணக்கு, அந்தத் தேர்வில் பாஸான நாளிலிருந்து இல்லை, தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்தே தொடங்குகிறது. ஆக, ரிசல்ட் வந்த பிறகு சும்மா தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்கள் கணக்கில் நஷ்டம்.

அப்புறம் ஒரு வேலை கையில் வரும்போது மூன்று கேள்வி கேளுங்க. இதில் சேர்ந்தால் என் சன்னது நிற்குமா? நின்றால், நீதிபதி தேர்வை நான் நிஜமாகவே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேனா? இந்த வேலையில் நான் கற்பது, அடுத்த வேலைக்கும் கூட வருமா?

சட்டம் படித்துவிட்டு வேறு பக்கம் போனால் தோல்வி என்று நினைக்கிறவர்களுக்கு, நம்ம தெற்குச் சீமையிலேயே பதில் இருக்கிறது. தூத்துக்குடி வக்கீல் வ.உ.சி 1906-ல் கப்பல் கம்பெனி தொடங்கினார். திருவனந்தபுரத்திலும் திருநெல்வேலியிலும் வக்கீலாக இருந்த எஸ்.வையாபுரிப் பிள்ளை, 1926-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனுக்குப் பதிப்பாசிரியராகப் போனார். அவர்களை யாரும் 'கேஸ் கிடைக்காத வக்கீல்' என்று சொல்வதில்லை.

வருத்தப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. நீதிபதி ஆக ஆசையும் தகுதியும் இருந்தும், 36 மாசம் தாக்குப்பிடிக்கக் காசில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் விலகினால், அது அவர் தேர்ந்தெடுத்த மாற்றுப் பாதை இல்லை, தள்ளிவிடப்பட்ட பாதை. 15,000 ரூபாய் உதவித்தொகை பரிந்துரையாகவே இருக்கும்வரை, நாளைய நீதிபதிகள் எந்த வீடுகளில் இருந்து வருவார்கள் என்பதை அந்தக் காசுதான் தீர்மானிக்கும். பார் கவுன்சிலிடமும் அரசிடமும் இதைக் கேட்க வேண்டியவர்கள், இப்போது சட்டம் படித்துக்கொண்டிருக்கும் நீங்கதான். கேள்வி கேட்கத்தானே படிக்கிறீங்க?