மெலிய ஒரு கசாயம்

"மூலிகைதானே, ஒண்டும் செய்யாது." உடம்பைக் குறைக்கவென்று விற்கப்படும் மருந்துகளுக்குப் பின்னால் அநேகமாக இந்த வசனம்தான் நிற்கும். கொரியாவிலும் அப்படித்தான். அங்கே பாரம்பரிய மருத்துவர்கள் தருகிற மூலிகை மருந்தை 'ஹான்யாக்' என்பார்கள். மெலிவதற்கென்றே 'டயட் ஹான்யாக்' என்று அதில் ஒரு வகை இருக்கிறது. கசாயமாகவும் கிடைக்கும், குளிசையாகவும் கிடைக்கும்.

இதற்குப் பின்னாலுள்ள மருத்துவச் சிந்தனை லேசுப்பட்டதில்லை. லீ ஜே-மா என்ற மருத்துவர் 1894இல் எழுதி முடித்த நூலில் மனிதரை நான்கு உடல்வாகுகளாகப் பிரித்தார். ஒருவருக்கு ஒத்துவருகிற சாப்பாடும் மருந்தும் இன்னொருவருக்கு ஒத்துவராது என்பது அவர் கட்சி. 'தே-உம்' என்கிற உடல்வாகுக்காரருக்கு இலகுவில் உடம்பு வைக்கும் என்கிறது அந்த மரபு. கவலை, கோபம் போன்ற உணர்ச்சிகளையும் அவர் உடலோடு சேர்த்தே பார்த்தார்.

மனிதர் சரியாக நான்கு வகைதான் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் குண்டாயிருக்கிற ஆளை "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்று பழிக்காமல், ஒரே டயட் அட்டவணையை எல்லார் தலையிலும் கட்டாமல் யோசித்திருக்கிறார்களே, அது பெரிய விசயம்.

பிரச்சினை கசாயத்துக்குள்ளே இருக்கிறது. மெலிய வைக்கிற ஹான்யாக்கில் அடிக்கடி சேர்வது 'மாஹ்வாங்', அதாவது எபெட்ரா. சளிக்கும் இழுப்புக்கும் காலங்காலமாகக் கொடுத்து வந்த செடி. அதிலுள்ள எபெட்ரின் பசியை அடக்கும். கூடவே நெஞ்சைப் படபடக்க வைக்கும், பிறஷரை ஏத்தும், நித்திரையைக் கெடுக்கும். எபெட்ரின் சேர்ந்த எபெட்ரா சத்துமாத்திரைகளை அமெரிக்கா 2004இல் தடைசெய்தது. கொரியாவிலும் அதை உணவுப் பொருளாக விற்க முடியாது. மருத்துவர்தான் ஆளைப் பார்த்து, அளவு பார்த்துக் கொடுக்கவேண்டும்.

இன்னொன்றும் இருக்கு. லீ ஜே-மாவின் மரபில் மாஹ்வாங் தே-உம் உடல்வாகுக்காரருக்கு உரிய மருந்து. அப்படியிருக்க, ஏற்கெனவே மெல்லிசாக இருக்கிற பெண்ணும் இன்னும் மூன்று கிலோ குறைக்க அதைக் குடிக்கிறாள் எண்டால், அது எந்த மரபு? அங்கே பேசுவது பாரம்பரியம் இல்லை, சந்தை. ஆளுக்கு ஆள் உடம்பு வேறு என்று சொன்ன மருத்துவத்தின் பெயரில், எல்லாரும் ஒரே அளவு உடுப்புக்குள் அடங்கவேண்டும் என்ற ஆசையை விற்கிறார்கள்.

கொரிய நாடகங்கள் பார்த்து அந்த உடம்புக்கு ஆசைப்படுகிறவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். ஆசைப்படுவதில் பிழையில்லை. ஆனால் மெலிய ஒரு மருந்து கைக்கு வந்தால், அது எந்த ஊர் மூலிகையாக இருந்தாலும், ரெண்டு கேள்வி கேளுங்கோ: உள்ளுக்கு என்ன இருக்கு? என்ர உடம்பைப் பார்த்து இதைத் தந்தது ஆர்? பதில் இல்லையெண்டால் குடிக்காதேங்கோ.